ஒரு கிலோமீட்டர் யாருக்கு? ராமநாதபுரம் கரையோரத்தில் பள்ளி எல்லையும் சேர்க்கையும்

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று கரையெங்கும் கையில் காசு குறைந்திருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வேலையும் வந்து நிற்கும். "எங்க தெரு அந்த ஸ்கூல் எல்லைக்குள்ள வருமா?" என்ற கேள்வி அப்போது அடிக்கடி காதில் விழும். எல்லையே இல்லாத இடத்தில் எல்லை இருப்பதாக நம்பித் திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே எல்லை இருக்கும் இடத்தில் அதைக் கவனிக்காமல் விண்ணப்பித்துவிட்டு, குலுக்கலில் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

குழப்பத்துக்குக் காரணம் ஒரே அளவு இரண்டு வேலை செய்வதுதான். கல்வி உரிமைச் சட்டத்தோடு சேர்ந்து எப்போதும் பேசப்படும் அளவு ஒரு கிலோமீட்டர். அரசுப் பள்ளி விஷயத்தில் அது அரசின் தலைமேல் இருக்கும் கடமை: அந்தத் தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும். தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச இடத்தில் அதே கிலோமீட்டர் பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்கும் வாசல்: அந்தத் தூரத்துக்குள் நீ இருக்கிறாயா? கடலோரத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி இடிக்கின்றன என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கடமையாக வரும் கிலோமீட்டர்

2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 3-ஆவது பிரிவு, பிள்ளைக்கு 'அருகமைப் பள்ளியில்' படிக்கும் உரிமை உண்டு என்கிறது. அருகமை என்றால் எவ்வளவு தூரம் என்பதைத் தமிழ்நாடு 2011-இல் வெளியிட்ட விதிகளில் சொன்னது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும் தூரத்தில் 1 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டர்.

இதில் 'நடந்து போகும் தூரம்' என்ற சொற்களைக் கொஞ்சம் அழுத்தியே படிக்க வேண்டும். காக்கை பறக்கும் தூரத்தை விதி கேட்கவில்லை. பிள்ளையின் கால் நடக்கும் தூரத்தைக் கேட்கிறது.

இந்த அளவைக் கொண்டு கல்வித்துறை ஒவ்வொரு குடியிருப்பையும் ஏதாவது ஒரு பள்ளியோடு சேர்த்துக் கணக்கு வைத்திருக்கும். கோடை விடுமுறையை ஒட்டி ஆசிரியர்கள் கையில் நோட்டோடு வீடு வீடாக வந்து, எத்தனை பிள்ளை, என்ன வயது, எங்கே படிக்கிறது என்று கேட்டு எழுதுவது இதற்காகத்தான். அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கு வராத பிள்ளை இருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். எல்லை அவருக்குரியது. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில்தான் சேர வேண்டும் என்று அந்தக் கணக்கு எங்கேயும் சொல்லவில்லை. தேவிபட்டினத்தில் வீடு இருக்கிறது, ராமநாதபுரத்து அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேட்கலாம். 'நீங்க இந்த ஏரியா இல்லையே' என்று அரசுப் பள்ளியில் யாராவது சொன்னால், எந்த விதியில் இருக்கிறது என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

வேறு சில கதவுகளையும் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாகிறது என்ற காரணமும் செல்லாது. வேலை தேடி ஊர் மாறும் குடும்பங்களுக்கும், பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிற குடும்பங்களுக்கும் இந்த மூன்றும் முக்கியம். செப்டம்பரில் வந்தாலும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாதி வட்டம் கடலில்

இனி நம் கரையின் நிலவரத்துக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். வடக்கே தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடாவைப் பார்த்தவை. தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. இரண்டுக்கும் நடுவே மண்டபம் முனையும் ராமேசுவரம் தீவும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பள்ளியை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதன் பரப்பு சுமார் 3.14 சதுர கிலோமீட்டர். மதுரையிலோ பரமக்குடியிலோ அந்த வட்டம் முழுக்க வீடுகளும் தெருக்களும் இருக்கும். பள்ளி கரையை ஒட்டி இருந்தால் வட்டத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மிச்சம் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர். மண்டபம் முனையில் இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். தனுஷ்கோடிக்குப் போகும் மணல்திட்டில் வட்டம் வட்டமாகவே இருக்காது, ஒரு பட்டையாகிவிடும். சமவெளி ஊரை மனதில் வைத்துப் போட்ட அளவு, கரைக்கு வந்ததும் பாதியாகச் சுருங்குகிறது. இதை விதி எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா என்றால், எனக்குத் தோன்றவில்லை.

கடல் மட்டும் வட்டத்தைத் தின்பதில்லை. பாக் விரிகுடாப் பக்கம் சேற்று நிலமும் உப்பாறும் காரங்காட்டுப் பக்கத்து அலையாத்திக் காடும் உண்டு. தெற்கே வாலிநோக்கம் பக்கம் உப்பளம். எதிரே தெரியும் பள்ளிக்கு நேர்கோட்டில் 700 மீட்டர் இருக்கும், சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறுக்குப் பாதையும் மூழ்கிவிடும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஊர்களை ஊடுருவிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு. பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம் என்றால் ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் மனது வராது.

விதிகளில் இதற்கும் இடம் இருக்கிறது. வெள்ளம், சாலை இல்லாமை போன்ற ஆபத்துகள் உள்ள இடங்களில் அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படி பள்ளியை அமைக்க வேண்டும், தூர அளவையே குறைக்கலாம். பள்ளி வைக்க முடியாத அளவு சிறிய குடியிருப்பு என்றால், இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ அரசு செய்து தர வேண்டும். தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வண்டியும் கூட வர ஓர் ஆளும் ஏற்பாடு செய்ய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பணம் ஒதுக்கும் வழி இருப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஆனால் இது தானாக நடக்காது. வட்டார வளமையத்தில் (கல்வித்துறையின் வட்டார அளவிலான மையம்) யாராவது குடியிருப்பின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, தூரம் எல்லாம் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

தனுஷ்கோடி இதற்கு நல்ல உதாரணம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அது வாழ முடியாத ஊர் என்றே அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன, பிள்ளைகளும் இருந்தார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் தண்ணீரிலும் ஓடும் வேன்தான் வழி. ஒரு கிலோமீட்டர் என்ற அளவை அங்கே யாரும் வீட்டிலிருந்து அளந்திருக்க முடியாது. பள்ளி அங்கேயே வந்தால்தான் உண்டு, அப்படித்தான் அரசுப் பள்ளி அங்கே வந்தது.

வாசலாக வரும் கிலோமீட்டர்

இப்போது இரண்டாவது வேலை. சட்டத்தின் 12(1)(c) பிரிவுப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிவடைந்த மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஊர்ப் பேச்சில் 'ஆர்.டி.இ. சீட்'. ஒரு பள்ளியின் எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இதற்கு. ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்த பிள்ளைக்கு எல்.கே.ஜி., 5 முடிந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு. விண்ணப்பம் இணையத்தில். வீட்டில் போட முடியாவிட்டால் இ-சேவை மையத்திலோ கல்வி அலுவலகத்திலோ போடலாம்.

இங்கே வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எல்லோரும் சமம். 200 மீட்டரில் இருப்பவருக்கும் 900 மீட்டரில் இருப்பவருக்கும் வித்தியாசம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல், அதுவும் பெற்றோர் முன்னிலையில். ஆதரவற்ற பிள்ளைகள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்கள், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு.

வருமானச் சான்றுக்காகப் பலர் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார்கள். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற நிபந்தனை 'நலிவடைந்த பிரிவு' என்று விண்ணப்பிப்பவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாம் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்' வருகிறார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்று போதும், வருமான வரம்பு இல்லை. நம் கரையோர மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

சரி, கிலோமீட்டர் எங்கே இடிக்கிறது? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்கள் இருக்கும் ஊரைப் பார்த்துத்தான் வரும். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேசுவரம், தொண்டி, சாயல்குடி என்று டவுன்களில்தான் அவை குவிந்திருக்கின்றன. பெரும்பாலான மீனவக் குடியிருப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பனங்காடும் வலை காயும் மணலும்தான் இருக்கும். யாருக்காக இந்த 25 சதவீதம் எழுதப்பட்டதோ அவர்களில் ஒரு பெரும் பகுதி வாசலுக்கே வர முடியாது. டவுனுக்குள் இருக்கும் கொஞ்சம் வசதியான குடும்பம், வருமான வரம்பு இல்லாத பிரிவில் வந்து, குலுக்கலில் பெயர் எழுதிப் போடும். சட்டப்படி அதில் தப்பே இல்லை. இருந்தாலும் கணக்கு எங்கோ உதைக்கிறது.

அடுத்த இடி சிறுபான்மைப் பள்ளிகள். 2014 மே மாதம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. நம் கரையில் இதற்குக் கனம் அதிகம். பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கம் கத்தோலிக்க நிறுவனங்கள், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இஸ்லாமிய அறக்கட்டளைகள் என்று கல்வியைத் தலைமுறைகளாகக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளி உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தாலும் ஆர்.டி.இ. பட்டியலில் அதன் பெயர் வராது. 'பக்கத்துல இருக்கு, ஆனா லிஸ்ட்ல இல்ல' என்று குழம்ப வேண்டாம், காரணம் இதுதான். அரசு உதவி பெறும் பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருக்காது. அவை ஏற்கெனவே அரசுப் பணத்தில் நடப்பவை, அங்கே நேரடியாகப் போய்க் கேட்கலாம்.

பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியாரில் ஆர்.டி.இ. கிடைக்காது என்று ஒரு பேச்சு அவ்வப்போது கிளம்பும். அது கர்நாடகத்து விதி. 2019-20 கல்வியாண்டிலிருந்து அங்கே அப்படி மாற்றினார்கள். மகாராஷ்டிரம் 2024-இல் அதேபோல் செய்ய முயன்றபோது மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் அப்படி விதி இல்லை.

வீடு எங்கே இருக்கிறது?

கேட்டால் சிரிப்பு வரும் கேள்வி, ஆனால் பல விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். ரேஷன் கார்டு மாமனார் ஊரில், ஆதார் பழைய வாடகை வீட்டில், குடியிருப்பது இன்னோர் இடத்தில் என்று இருந்தால் எந்த வீட்டிலிருந்து அளப்பது? காட்டும் சான்றில் இருக்கும் முகவரிதான் கணக்கு. கீழக்கரைப் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகு பெண் தாய்வீட்டிலேயே இருந்து, மாப்பிள்ளை அங்கே வருகிற வழக்கம் உள்ள குடும்பங்களில் கணவர் பெயர் ஒரு கார்டிலும் மனைவி பெயர் வேறு கார்டிலும் இருப்பது சாதாரணம். கடற்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு வீட்டு வரி ரசீதும் இருக்காது. இவர்கள் எல்லாம் மார்ச் மாதத்துக்குள் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பிள்ளையின் பெயரையும் இப்போதைய முகவரியையும் சேர்த்துவிடுவது நல்லது. விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

இணைய மையத்தில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் ஊரின் பொது இடத்தையோ பஸ் நிறுத்தத்தையோ வீடாகக் குறித்துவிடுவதும் நடக்கிறது. நீளமான குப்பத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடக் கூடாது. சரிபார்ப்பில் தெரிந்தால் இடம் போய்விடும், அதற்குள் மற்றப் பள்ளிகளிலும் சேர்க்கை முடிந்திருக்கும்.

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கு அரசு ஈடு கட்டுவது ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகை அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. வேன் காசு அதில் வராது. மற்றபடி எதற்கெல்லாம் பணம் கேட்பார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நன்கொடை கேட்பதும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் 13-ஆவது பிரிவுப்படி குற்றம். தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் சொல்லக் கல்வித்துறையின் 14417 எண் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய கவலை எட்டாம் வகுப்புதான். ஆர்.டி.இ. அதோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். நாள்கூலிக்குப் படகில் போகும் ஒருவர் பத்து வருடம் கழித்து வரப்போகும் அந்தச் செலவை எல்.கே.ஜி.யில் யோசிப்பதில்லை. அப்போது பிள்ளை அரசுப் பள்ளிக்கு மாறினால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான சலுகை போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடு. கட்டணம் கட்டித் தனியாரில் படித்த பிள்ளைக்கு இது பொருந்தாது.

2025-இல் மத்திய அரசின் நிதி வராததால் ஆர்.டி.இ. சேர்க்கை ஏப்ரல், மே தாண்டி அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் சேர்க்காமல் அதற்காகக் காத்திருப்பது பிள்ளைக்குத்தான் நஷ்டம். அரசுப் பள்ளியில் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

மற்ற அளவுகள்

கேந்திரிய வித்யாலயாவில் கணக்கு வேறு. முதல் வகுப்பில் ஆர்.டி.இ. இடங்களுக்குப் பெருநகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் 5 கிலோமீட்டர், மற்ற ஊர்களில் 8 கிலோமீட்டர் சுற்றுவட்டம். ஆர்.டி.இ. அல்லாத சீட்டுகளுக்குத் தூரத்தைவிடப் பெற்றோரின் மத்திய அரசுப் பணியும் இடமாற்றமும்தான் பேசும். நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் இதுவரை திறக்கப்படவில்லை.

லண்டனில் இருக்கும் மச்சானோ சின்னம்மா மகளோ 'கேட்ச்மென்ட் ஏரியாவுக்குள்ள வீடு மாறினோம்' என்று சொன்னால் அது முற்றிலும் வேறு கதை. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிக்கே இடப் போட்டி. பல பள்ளிகளில், கேட்டவர்கள் அதிகமானால் வீட்டின் தூரத்தை மீட்டர் கணக்கில் அளந்து, பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தருவார்கள். அதனால் உள்ளே வந்த கடைசிப் பிள்ளையின் தூரம் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் கிடைத்த தெருவுக்கு இந்த வருடம் கிடைக்காமல் போகலாம். தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15-க்குள் விண்ணப்பித்தால் ஏப்ரல் 16-ஐ ஒட்டிப் பதில் வரும். நல்ல பள்ளி இருக்கும் தெருவில் வீட்டு விலையே ஏறிவிடும். நம் ஊரில் தூரத்துக்கு அப்படி மதிப்பெண் கிடையாது என்பதால் அவர்களுடைய அனுபவத்தை வைத்து இங்கே வீடு மாற வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். குப்பத்திலிருந்து பள்ளிக்கு நடக்கும் தூரம் எவ்வளவு, மழைக்காலத்தில் எந்தப் பாதை மூழ்கும், எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்பதை எழுதி, குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு பிரதி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வண்டி வசதியோ புதிய தொடக்கப் பள்ளியோ கேட்கும்போது பேச்சைவிட அந்தத் தாள்தான் நிற்கும். மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் கூட்டத்திலேயே இதை வைத்துவிட்டால் ஐப்பசிக்குள் யாராவது வந்து பாதையைப் பார்க்க நேரம் இருக்கும்.